கையடக்க பேட்டரி சங்கிலி ரம்பம்: கேள்வி பதில்

கேள்வி: வாங்கிய புதிதில் நன்றாக அறுத்தது. இப்போது புகைகிறது, மாவு போலத் தூள் கொட்டுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். தூள் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். கூரான பல் சீவல் சீவலாகத் தள்ளும். கையேடு சொல்லும் அளவில் வட்ட அரம் வாங்கி, ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் தேய்த்துத் தீட்டுங்கள். இல்லாவிட்டால் வெட்டு கோணிக்கொண்டு போகும். சங்கிலியில் எண்ணெய் வற்றினாலும் புகையும். சிறிய ரம்பங்கள் பலவற்றில் எண்ணெய் தானாக இறங்காது. அடிக்கடி கையால் விட வேண்டும்.

கேள்வி: சங்கிலி கழன்று விழுகிறது.

பதில்: புதுச் சங்கிலி தளரத்தான் செய்யும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். சங்கிலி, அது சுற்றும் தகட்டின் அடியில் தொங்கக் கூடாது. கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறியதும் சுருங்கி நெரிக்கும்.

கேள்வி: மரத்தில் கிளை வெட்டிய இடத்தில் சாயம் பூசலாமா?

பதில்: வேண்டாம். மரம் தன் காயத்தைச் சதையால் மூடிக்கொள்ளும். அந்தச் சதை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்த பகுதியிலிருந்து வளர்கிறது. அதைச் சேர்த்துத் தண்டோடு மழிப்பதுதான் மரத்துக்குச் செய்யும் பெரிய கேடு. கனமான கிளையென்றால் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியில் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிச்சக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே வெட்டுங்கள். அப்போது பட்டை கிழியாது.

கேள்வி: நாங்கள் முப்பது ஆண்டுகளாகத் தார் பூசுகிறோம். மரங்கள் நன்றாகவே இருக்கின்றன!

பதில்: தாரால் அல்ல, தார் பூசியும் பிழைத்திருக்கின்றன. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்தவர். மரம் அழுகலை உள்ளேயே சுவர் எழுப்பி அடைக்கிறது என்பதை 1977இல் விளக்கினார். காயப் பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்றும் கண்டார். ஓக் வாடல் என்னும் பூஞ்சை நோய் பரவும் இடங்களில் ஓக் மரம் மட்டும் விதிவிலக்கு. அங்கே நோய் சுமக்கும் வண்டை விலக்க உடனே பூச வேண்டும்.

கேள்வி: வேப்பமரத்துக்காவது பூசலாமா?

பதில்: பூச வேண்டாம்.

கேள்வி: என் சங்கிலியும் கழல்கிறது.

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு.

கேள்வி: ஏணியில் நின்று ஒரு கையால் அறுக்கலாமா?

பதில்: கூடாது. நுனியின் மேல்பாதி கிளையில் இடித்தால் ரம்பம் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். கிளையைப் பிடித்திருக்கும் மறு கை சங்கிலியின் பாதையிலேயே இருக்கும். தரையில் நின்று எட்டாத கிளைக்கு நீள்கோல் ரம்பம் எடுங்கள்.

கேள்வி: பல மாதம் பயன்படுத்தாவிட்டால்?

பதில்: பேட்டரியைப் பாதி சார்ஜில், தனியே கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.