கடல் பொங்கிய கதைகளைக் குழந்தைக்குச் சொல்லலாமா?

கேள்வி: ஏழு வயதுப் பேரனுக்குத் தினமும் இரவில் கதை சொல்கிறேன். மச்சாவதாரக் கதையைச் சொன்ன அன்று, "நம்ம தெருவுக்கும் கடல் வருமா ஆயா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தான். 2004 டிசம்பர் சுனாமியை நேரில் கண்ட குடும்பம் எங்களுடையது. உலகெங்கும் வழங்கும் இத்தகைய பிரளயக் கதைகளை அவனிடம் சொல்லாமல் இருப்பதுதான் நல்லதா?
– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்.

பதில்: தவிர்க்க வேண்டாம், அம்மா. கடலோரத்தில் வளரும் பிள்ளைக்குத்தான் இக்கதைகள் மிகவும் தேவை. ஆனால் வெள்ளம் ஊரை விழுங்கிய இடத்தில் நிறுத்தி, மீதியை நாளைக்கு என்று ஒத்திப்போடாமல், தப்பியவர் எப்படித் தப்பினார் என்பதையும் அன்றிரவே சொல்லி முடித்துவிடுங்கள்.

மச்சாவதாரக் கதையின் பழைய வடிவம் சதபத பிராமணம் என்னும் வேதகால நூலில் உள்ளது. மனு காலையில் கை கழுவும் நீரில் அகப்பட்ட சிறுமீன், பெரிய மீன்களிடமிருந்து தன்னைக் காத்தால் பின்னர் அவரைத் தான் காப்பதாக வாக்களிக்கிறது. அவர் அதைக் குடத்திலும், பிறகு குழியிலும், வளர்ந்தபின் கடலிலும் விடுகிறார். வெள்ளம் வந்தபோது அதன் கொம்பில் கயிற்றால் கப்பலைக் கட்டி வடக்கு மலையை அடைகிறார். மீன் வளரும் கட்டங்களை நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, இன்றைய ஈராக் பகுதியில் பழங்காலத்தில் எழுந்த கில்காமேஷ் காவியம். அங்குள்ள நினிவே என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த அதன் பதினோராவது களிமண் பலகையில் பிரளயக் கதை இருப்பதை, 1872-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் கண்டறிந்தார். வெள்ளம் வரப்போவதை மனிதரிடம் வெளியிடுவதில்லை என்று தேவர்கள் உறுதி பூண்டிருந்ததால், ஈயா என்னும் தேவன் ஒரு நாணல் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் சேதியைச் சொல்ல, அதைக் கேட்ட உத்நபிஷ்டிம் என்னும் மனிதர் வீட்டைப் பிரித்துக் கப்பல் கட்டுகிறார். இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னால் எந்தக் குழந்தையும் அருகில் நகர்ந்து வரும். புயல் ஓய்ந்தபின் அவர் புறாவையும், தகைவிலான் குருவியையும், காக்கையையும் பறக்கவிடுகிறார். முதல் இரண்டும் அமர இடமின்றித் திரும்பிவிட, காக்கை மட்டும் திரும்பவில்லை. அது ஏன் வரவில்லை என்பதைப் பேரனே சொல்லட்டும்.

பிரளயத்தில் தப்பியபின் கல்லை எறிந்து மனிதரை உண்டாக்கிய கிரேக்கத் தியூகாலியன் கதையை இன்னும் சற்று வளர்ந்தபின் சொல்லலாம். பிரளயத்தில் இறைவன் தோணியில் வந்ததாக ஐதீகம் கூறும் சீர்காழி உங்களுக்குத் தொலைவில்லை. ஒரு விடுமுறையில் அழைத்துச் சென்று தோணியப்பர் சந்நிதியைக் காட்டுங்கள்.

இவற்றோடு இந்தோனேசியாவின் சிமுலு தீவு மக்களைப் பற்றியும் அவசியம் சொல்லுங்கள். 1907-இல் அங்கே சுனாமி பலரைக் கொன்றது. அதன்பின், நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் உடனே குன்றுக்கு ஓட வேண்டும் என்பதைப் பெரியவர்கள் "ஸ்மோங்" என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தும், 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் 7 பேர் மட்டுமே.

ஆகவே பேரன் மறுபடி கேட்டால் "வராது" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். எப்போதாவது வரலாம், வந்தால் எங்கே போவது என்று ஆயாவுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். நம் கரையில் அதிர்வு இலேசாகவே தெரியக்கூடும். கடல் உள்வாங்காமலும் அலை வரலாம். எனவே அரசின் எச்சரிக்கை வந்தவுடன் கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, கரையிலிருந்து விலகி மேட்டுக்குச் செல்லும் வழியில் ஒரு பகல் வேளையில் அவனை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்.