ஏலத்துக்கு வரும் பழைய மரகத மோதிரத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

1920-களில் செய்தது, நடுவில் மரகதம், சுற்றிலும் வைரம், பிளாட்டினத்தில் கட்டியது என்று ஏலப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கினால் கல்லுக்குள் கோடு கோடாகத் தெரிகிறது, ஏலம் கேட்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோடுகளுக்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கோடுகூட இல்லாத மரகதத்தைக் காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அந்தக் கோடுகளுக்குள் என்ன நிரப்பியிருக்கிறார்கள், அந்தக் கல் அந்த மோதிரத்துக்கு என்றே முதலில் வைத்ததுதானா, இந்த இரண்டையும் விசாரியுங்கள். பழைய நகை ஏலங்களைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இழக்கிறார்கள்.

மரகதம் பெரில் வகைக் கனிமம். குரோமியமும் வனேடியமும் துளியளவு கலந்ததால் வந்ததுதான் அந்தப் பச்சை. பூமிக்குள் வளரும்போதே அழுத்தத்தில் வெடித்து, வெடிப்பு பாதி ஆறி, மறுபடி வளர்ந்த கல் அது. கொலம்பியாவின் முசோ, சிவோர் சுரங்கங்களிலிருந்து வந்த கல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பை தென்படுவதுண்டு. பைக்குள் கொஞ்சம் திரவம், அதில் ஒரு வாயுக்குமிழி, பக்கத்தில் சதுரமாக ஒரு உப்புப் படிகம். கல் உருவான காலத்து உப்புத்தண்ணீர் கோடிக்கணக்கான வருடங்களாக அப்படியே உள்ளே இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் கற்களிலும் இது போன்றது வரும் என்பதால், இதை மட்டும் வைத்துக் கல்லின் ஊரைச் சொல்லிவிட முடியாது.

சிக்கல் கொடுப்பவை, மேற்பரப்பு வரை வந்து முட்டும் வெடிப்புகள். வெடிப்புக்குள் காற்று இருந்தால் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னும். எண்ணெய் இறக்கினால், எண்ணெயும் கல்லும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். இது பல நூற்றாண்டுப் பழக்கம். நிறமில்லாத சிடார் எண்ணெய் என்றால் கல் வியாபாரத்தில் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அளவு எவ்வளவு என்பதுதான் பேச்சு. எண்ணெய் காலப்போக்கில் காய்ந்து வெளியேறும், கழுவிவிட்டு மறுபடி போடலாம். 1980-களுக்குப் பிறகு பரவிய எபாக்சி பிசின் வேறு கதை. சிலவகைப் பிசின் மஞ்சளடித்து உள்ளேயே தங்கிவிடும், எடுப்பது பெரும்பாடு. பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் என்றால் அது நேரடி ஏமாற்று, அந்த மோதிரத்தின் கிட்டவே போகாதீர்கள்.

கல்லை விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெளிவாக இருந்த இடத்தில், ஒரு கோணம் வந்ததும் கண்ணாடித் தகடு போல ஒரு பளிச். அதுதான் நிரப்பிய வெடிப்பு. மேலே ஆரம்பித்து எவ்வளவு ஆழம் போகிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நிதானமாகக் கவனியுங்கள். ஆனாலும் உங்கள் கண்ணையோ என் கண்ணையோ நம்பிப் பெரிய பணம் போடக் கூடாது, ஆய்வக அறிக்கை வேண்டும். குபெலின், எஸ்எஸ்இஎஃப், ஏஜிஎல், ஜிஐஏ போன்ற ரத்தினப் பரிசோதனை ஆய்வகங்களின் அறிக்கைகளை ஏலக்காரர்கள் மதிக்கிறார்கள். ஜிஐஏ எஃப்1, எஃப்2, எஃப்3 என்று எழுதினால், நிரப்பியது குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பொருள். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எடுத்த அறிக்கைக்குப் பிறகு யாராவது மறுபடி எண்ணெய் இறக்கியிருக்கலாம்.

எண்ணெயே இல்லாத நல்ல கல்லுக்கு என்ன மதிப்பு என்பதை ராக்ஃபெல்லர் மரகதம் காட்டியது. 18.04 காரட் கொலம்பியக் கல். 1930-ல் அமெரிக்கச் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வாங்கிய ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) ஒன்றில் இருந்ததைப் பிற்பாடு பிரித்து, நகை வடிவமைப்பாளர் ரேமண்ட் யார்ட் வைரங்களோடு மோதிரமாகக் கட்டினார். 2017 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 55 லட்சம் டாலருக்குப் போனது. காரட்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல்! உங்கள் மோதிரம் அந்த வரிசையில் இல்லாவிட்டாலும், எண்ணெய் குறையக் குறைய விலை ஏறும் கணக்கு எல்லாக் கல்லுக்கும் அதேதான்.

சரி, இரண்டாவது விஷயம். மோதிரம் 1920-களுடையது என்பதால் கல்லும் அப்போதையது என்று ஆகிவிடாது. அறிக்கையில் வரும் ஊரையும் மோதிரத்தின் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாம்பியாவில் பெரிய அளவில் மரகதம் எடுக்கத் தொடங்கியது 1970-களில். ஜிம்பாப்வேயின் சந்தவானா கண்டுபிடிப்பு 1956. இந்த ஊர்க் கல் ஒன்று 1925 மோதிரத்தில் உட்கார்ந்திருந்தால், அசல் கல் எப்போதோ மாறியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செயற்கைக் கல்லும் புதிய விஷயம் இல்லை. அமெரிக்கரான கரோல் சாத்தம் என்பவரின் முறையில் வளர்த்த மரகதம் 1940-களிலேயே சந்தையில் இருந்தது. பழைய மோதிரத்தில் பதித்திருப்பதே கல்லுக்குச் சாட்சி என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

வைரங்களும் பேசும். அந்தக் காலத்துப் ‘பழைய ஐரோப்பிய’ வெட்டில் தீட்டிய வைரத்தில், மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும்; அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாகத் தீட்டியதால் வருவது. எல்லா வைரமும் இன்றைய வெட்டில் இருந்தால் மோதிரத்தின் வயதையே சந்தேகப்படலாம். ஒன்றிரண்டு மட்டும் என்றால் விழுந்த கல்லுக்குப் பதில் வைத்தது, பரவாயில்லை.

அப்புறம், மோதிரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் அறுத்துச் செய்த பழைய வேலையில் துளைகளின் உள்ஓரம்கூட வழவழவென்று இருக்கும். அச்சில் வார்த்த புது வேலையில் அங்கே குண்டும் குழியுமாக இருக்கும். மரகதம் உட்காரும் கூட்டைச் சுற்றிப் புதிதாகப் பற்றவைத்த தடம் இருக்கிறதா, கல்லுக்கும் கூட்டுக்கும் இடையே பொருந்தாத இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்ஸில் செய்தது என்றால் பிளாட்டினத்தில் நாய்த்தலை முத்திரை இருக்க வாய்ப்பு உண்டு. 1912-ல்தான் அது வந்தது, அதனால் காலத்தைச் சரிபார்க்கவும் உதவும்.

மரகதத்தின் கடினம் 7.5-லிருந்து 8 வரை. வைரம் 10. பல வருடம் விரலில் இருந்த மரகதத்தின் பட்டை ஓரங்கள் கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், வயதுக்குப் பொருத்தமான தேய்மானம் எனக்கு நம்பிக்கையே தரும். மூலை உடைந்திருந்தால் மட்டும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மறுபடி தீட்டினால் எடை குறையும்.

ஏலம் கேட்பதற்கு முன் ஏல நிறுவனத்திடம், மோதிரம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வக அறிக்கை இல்லாத கல்லில் எண்ணெயோ பிசினோ இருக்கலாம் என்று விற்பனை நிபந்தனைகளில் பொதுவாகவே எழுதிவிடுவார்கள், பிற்பாடு சண்டை போட முடியாது. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு, பெரிய நிறுவனங்களில் ஏறக்குறைய கால் பங்கு, வரி தனி. உங்கள் உச்சவரம்பை இதையெல்லாம் சேர்த்துப் போட்டு வையுங்கள்.

மோதிரம் உங்களுக்குக் கிடைத்து சைஸ் மாற்றக் கொடுத்தால், மரகதத்தைக் கழற்றிய பிறகுதான் நெருப்பு வைக்க வேண்டும் என்று தட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூட்டில் எண்ணெய் வெளியேறும், கல் வெடிக்கவும் செய்யும். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டும் ஆகாது; வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.