சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறும்போது வரும் தூண்டுதல்கள்: கேள்வி பதில்

பதினாறு ஆண்டுகள் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் புகைத்தவன் நான். வேப் என்று எல்லோரும் அழைக்கும் மின்சிகரெட்டின் துணையோடுதான் அதிலிருந்து வெளியே வந்தேன். அதன் பிறகு, விட முயல்பவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். தொடங்கும் முன் இரண்டு செய்திகள். புகைக்காத எவருக்கும் வேப் தேவையில்லை. மேலும், வேப் தடைசெய்யப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் சட்டத்தை மதித்து நிகோடின் ஒட்டுப்பட்டையையோ சூயிங்கத்தையோ நாடலாம். தூண்டுதல்களைப் பற்றி நான் சொல்பவற்றில் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: வேப்புக்கு மாறி ஆறு நாட்கள் ஆகின்றன. பகலில் சமாளித்துவிடுகிறேன். ஆனால் காலையில் காபிக் கோப்பையைக் கையில் எடுத்தவுடன் சிகரெட் வேண்டும் என்று உடம்பே கேட்கிறது. படபடப்பும் கை நடுக்கமும் வருகின்றன. என்ன செய்வது?

பதில்: உங்களுடைய படபடப்பு முழுவதும் சிகரெட் ஏக்கம் என்று எண்ணிவிடாதீர்கள், அதில் ஒரு பங்கு காபியினுடையது. காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றைச் சிகரெட் புகை வேகப்படுத்துகிறது. இந்த வேலையைச் செய்வது நிகோடின் அன்று, புகையிலை எரியும்போது உண்டாகும் ஹைட்ரோகார்பன்கள். ஆகவே வேப்பில் நிகோடின் கிடைத்துக்கொண்டிருந்தாலும், எரியும் புகை நின்ற சில நாட்களுக்குள் அந்த நொதி பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதே அளவு காபி இப்போது இரத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு தங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது, எரிச்சல் மிகுகிறது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்விடுகிறோம். காபியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். என்னிடம் வந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் கைகொடுத்த அளவுக்கு வேறெதுவும் கைகொடுத்ததில்லை.

இதே நொதிதான் குளோசபின், ஒலான்சபின், தியோபிலின் ஆகிய மருந்துகளையும் கையாளுகிறது. இவற்றில் எதையேனும் உட்கொள்பவர்கள் புகைப்பதை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

மீதி இருப்பது பழக்கம். சிகரெட்டிலிருந்து நிகோடின் மூளையை அடைய பத்து இருபது நொடிகளே ஆகின்றன. வேப் பெரும்பாலும் அந்த வேகத்தை எட்டுவதில்லை. ஏக்கம் எழுந்த பிறகு வேப்பை எடுத்தால், அது வேலை செய்வதற்குள் மனம் தோற்றுவிடுகிறது. எனவே காபி போடத் தொடங்கும்போதே, ஐந்து நிமிடம் முன்னதாக நான்கைந்து இழுப்புகள் இழுத்துவிடுங்கள். வழக்கமாக நின்ற சன்னலோரத்தை விட்டு வேறிடத்தில் அமருங்கள். கோப்பையைச் சிகரெட் பிடித்த கையில் ஏந்துங்கள். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இடம், கை, மணம் மூன்றும் சேர்ந்துதான் அந்த முடிச்சைப் போட்டிருக்கின்றன. ஒன்றை மாற்றினாலும் முடிச்சு தளரும்.

கேள்வி: ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நிகோடின் உள்ள வேப் திரவம் வாங்க வேண்டும்? 3 மி.கி. வாங்கினேன், ஏக்கம் தணியவில்லை.

பதில்: பயத்தால் குறைவாகத் தொடங்குவதுதான் மாறுபவர்கள் செய்யும் பொதுவான தவறு. கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவராக இருந்தால், திரவக் குப்பி பொருத்தும் சிறிய பாட் வகைக் கருவிக்கு 3 மி.கி. போதவே போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மி.கி.; கடுமையாகப் புகைத்தவர்கள் அதை ஒட்டித் தொடங்குவது வழக்கம். தொண்டையில் காரம் தெரியாமல் இருக்க, நிகோடினை உப்பு வடிவில் கலந்த, நிகோடின் உப்பு எனப்படும் திரவ வகையைத் தேர்ந்தெடுங்கள். பெரும் ஆவி கக்கும் கருவியில் இந்த வலிமையை ஊற்றாதீர்கள். குமட்டலோ தலைசுற்றலோ வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள், கீழே வைத்துவிடுங்கள். சிகரெட்டைப் போல் வெடுக்கென்று இழுக்காமல், மூன்று நான்கு நொடிகள் மெதுவாக இழுக்க வேண்டும். திரவப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிறு குழந்தை விழுங்கினால் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மாறிய பின் இருமல் கூடியிருக்கிறது, வாயில் புண்ணும் வந்திருக்கிறது. வேப் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: புகையை விட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் இவை இரண்டும் சாதாரணமாக வருபவை, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்களுடன் மது அருந்தும்போது மட்டும் தோற்றுவிடுகிறேன்.

பதில்: மது உங்கள் உறுதியையும் கரைக்கிறது, பழைய நினைவையும் கிளறுகிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் வலிமை முதல் மாதத்தில் யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. நிகோடின் விலகலின் கடுமை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சம் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகிறது. அதுவரை அந்தக் கூடுகைகளைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு போகும்போது முழுவதும் மின்னேற்றிய கருவியுடன் போங்கள். கூட்டத்தில் ஒருவரிடமாவது, ‘நான் கேட்டாலும் சிகரெட் தரக்கூடாது’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: வேப்பும் பிடிக்கிறேன், நாளுக்கு ஒன்றிரண்டு சிகரெட்டும் பிடிக்கிறேன். இருபதிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டேன், போதாதா?

பதில்: இருபதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது எளிய செயல் அன்று, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் போதாது. இதய நோயைப் பொறுத்தவரை ஆபத்து சிகரெட்டின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, நாளுக்கு இருபது புகைப்பவருக்கு உள்ள கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது. தூண்டுதலின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த இரண்டுதான் தீமை. ஒவ்வொரு தூண்டுதலையும் புகை இல்லாமல் கடக்கும்போது அதன் பிடி சற்றுத் தளர்கிறது. எப்போதாவது ஒருமுறை கிடைக்கும் என்று மூளை அறிந்துவிட்டால், அது ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் சிகரெட் இருக்கக்கூடாது. அவசரத்துக்கு என்று எடுத்து வைத்த ஒன்றும் இருக்கக்கூடாது.

கேள்வி: ஓர் அடிமைத்தனத்தை இன்னோர் அடிமைத்தனத்தால் மாற்றுவதை எப்படி விடுதலை என்கிறீர்கள்? நான் எந்தத் துணையும் இல்லாமல் விட்டேன். மன உறுதி இருந்தால் போதும்.

பதில்: நீங்கள் விட்டதை மதிக்கிறேன். ஆனால் உங்கள் வெற்றியை மற்றவர்களின் தலையில் அளவுகோலாக வைப்பதை ஏற்க மாட்டேன். புகைப்பவரைப் பிடித்து வைத்திருப்பது நிகோடின். அவரைக் கொல்வது பெரும்பாலும் புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலையை எரிப்பதால் வருபவை; வேப்பில் எரிதல் இல்லை. இந்த வேறுபாட்டை மன உறுதியின் பெயரால் மறைக்கக்கூடாது.

அதே வாசகர்: அப்படியானால் வேப் பிடிப்பவர்கள் அதை என்றைக்கு விடுகிறார்கள்? பெரும்பாலோர் விடுவதில்லையே.

பதில்: நேர்மையான கேள்வி. 2019இல் பிரிட்டனில் 886 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் வேப் தரப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஒட்டுப்பட்டை முதலிய நிகோடின் மாற்றுப் பொருள்கள் தரப்பட்டவர்களில் 9.9 விழுக்காட்டினர். அதே ஆய்வில், அப்படி விட்ட வேப் குழுவினரில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாதியை மட்டும் சொல்லி மறுபாதியை விழுங்குவது எனக்கு உடன்பாடில்லை. எனவேதான் சிகரெட்டை முதலிலும் வேப்பை இரண்டாவதாகவும் விடச் சொல்கிறேன்.

மற்றொருவர்: வேப்பை ஏன் விட வேண்டும்? தீங்கே இல்லை என்கிறார்களே.

பதில்: தீங்கே இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, சொல்பவர்களை நம்பாதீர்கள். சிகரெட்டைவிடத் தீங்கு மிகக் குறைவு என்பது வேறு, தீங்கற்றது என்பது வேறு. சிகரெட்டின் முழுத் தீமை புலப்படவே பல பத்தாண்டுகள் பிடித்தன. வேப் அந்த வயதை இன்னும் எட்டவில்லை. சிகரெட் இல்லாமல் ஆறு மாதமாவது கடந்து, பழைய தூண்டுதல்கள் வரும்போது கை சும்மா இருக்கக் கற்ற பிறகு, வலிமையைப் படிப்படியாகக் குறையுங்கள். அவசரப்பட்டுக் குறைத்துச் சிகரெட்டுக்கே திரும்பியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துணையின்றி விட்டதாகச் சொன்ன வாசகருக்கும் இதுவே என் இறுதி விடை. இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன், காத்திருப்பவர்கள் பலர்.

கேள்வி: கர்ப்பிணிகள் மாறலாமா?

பதில்: இதை என்னிடம் கேட்காதீர்கள், இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் முத்திரையில்லாத திரவத்தை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, உயிரிழப்புகளும் நேர்ந்தன. முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். புட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் நுரையீரலுக்குள் அனுப்பாதீர்கள்.

கேள்வி: காபி குடித்தவுடன் சிகரெட் நினைவு வருகிறது, என்ன செய்வது?

பதில்: முதல் பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எந்த வலிமை வாங்குவது?

பதில்: இரண்டாம் பதில்.

கேள்வி: மிகுந்த மன அழுத்தம் வரும் நாளில் மட்டும் ஒன்றே ஒன்று பிடித்தால்?

பதில்: கூடாது. இதே கேள்விக்கு வேறு சொற்களில் மேலே விடை சொல்லிவிட்டேன். எத்தனை வடிவத்தில் கேட்டாலும் என் விடை மாறாது.

கேள்வி: ஐம்பது நாட்கள் தாக்குப்பிடித்தேன். நேற்று வீட்டில் பெரிய சண்டை. வெளியே போய் ஒரு பாக்கெட் வாங்கி மூன்று பிடித்துவிட்டேன். எல்லாம் வீணாகிவிட்டதா?

பதில்: இல்லை, அன்பரே. ஐம்பது நாட்களில் நூற்றுக்கணக்கான தூண்டுதல்களைப் புகையின்றிக் கடந்திருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியை மூன்று சிகரெட் அழித்துவிடாது. இன்றும் நாளையும் பிடிக்காமல் இருந்தால், நேற்று உள்ளே போன கார்பன் மோனாக்சைடு நாளைக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். நானும் ஒருமுறை நாற்பதாவது நாளில் இப்படித்தான் விழுந்தேன். மீதிப் பாக்கெட்டை வைத்திருந்ததால் மேலும் ஐந்து மாதம் புகைத்தேன். ஆகவே முதலில், மீதமிருக்கும் சிகரெட்டுகளைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். அடுத்து, சண்டை மூளும்போது வேப் உங்கள் கையில் இருந்ததா, மின்னேற்றம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் இனி உதிரிக் கருவி ஒன்றை வாசலருகே வையுங்கள். ஓர் ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அடுத்த முறை கோபத்தில் வெளியேறினால் கடை இல்லாத திசையில் நடங்கள். நாளை இரவு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.