இலவச மாதிரி கேட்கிறார்கள், அனுப்பலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகத் தனியாக கிராஃபிக் டிசைன் செய்கிறேன். ஒரு புது நிறுவனத்துக்கு லோகோ வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் கூப்பிட்டார். மூன்று மாதிரிகளை ஒரிஜினல் ஃபைலோடு அனுப்ப வேண்டுமாம், பிடித்தால்தான் பணமாம். என் போர்ட்ஃபோலியோ சின்னது. மறுத்தால் வாய்ப்பு போய்விடுமோ?

பதில்: அனுப்பாதீர்கள். ஒரிஜினல் ஃபைலை மறந்தும் அனுப்பாதீர்கள்.

உங்களிடம் கேட்டதை அந்த ஏஜென்ட் இன்னும் நாலைந்து பேரிடமும் கேட்டிருப்பார். ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து டிசைன், சல்லிக்காசு செலவில்லாமல். ஒருவரின் எழுத்தையும் இன்னொருவரின் சின்னத்தையும் ஒட்டித் தன் வேலை என்று கொடுத்துவிடலாம். உங்களுக்கு “கிளையன்ட்டுக்குப் பிடிக்கவில்லை” என்று ஒரு வரி வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. சில மாதம் கழித்து அதே லோகோவை ஒரு விளம்பரப் பலகையில் பார்த்தேன். நிறத்தை மாற்றியிருந்தார்கள். ஆனால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வளைவின் ஓரத்தில் ஒரு ஆங்கர் பாயின்ட்டை (வளைவின் வடிவத்தைப் பிடித்திருக்கும் புள்ளியை) சரிசெய்யாமல் விட்டிருந்தேன். அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது, பலகையில் முழங்கை அளவுக்கு.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பல நாடுகளில், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை (காப்பிரைட்) வரைந்தவருக்கே. ஆனால் ஒரு லோகோவுக்காக வக்கீல் வைத்தால் அவர் ஃபீஸ் லோகோவின் விலையைத் தாண்டிவிடும். திருடியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வருடக்கணக்கில் இழுக்கிற வழக்கு யாருக்குச் சாதகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மாதிரி இல்லாமல் எதைக் காட்டுவது? யோசித்த விதத்தைக் காட்டுங்கள். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்துக்கு லோகோ கேட்டபோது அமெரிக்க டிசைனர் பால் ராண்ட் வாங்கிய கட்டணம் 1,00,000 டாலர். காட்டியது ஒரே ஒரு டிசைன். நீங்களும் நானும் பால் ராண்ட் இல்லைதான். ஆனால் கூடவே அவர் கொடுத்த சின்னப் புத்தகத்தைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் ‘e’ மட்டும் ஏன் சிற்றெழுத்து என்பது வரை படிப்படியாக விளக்கியிருந்தார். நீங்களும் பழைய வேலை இரண்டை எடுத்து, என்ன சிக்கல், எதை ஒதுக்கினீர்கள், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பழைய வேலை போதாதென்றால் நீங்களாகவே ஒரு கற்பனைக் கடைக்குச் செய்து, அது கற்பனை என்று மேலேயே போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: காசு கொடுத்து மாதிரி கேட்பவர்கள். தேர்வானாலும் இல்லாவிட்டாலும் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுத்தில் தந்தால் கலந்துகொள்ளலாம். எழுத்தில் என்றேன், போனில் அல்ல. எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். தேர்வாகாத டிசைன் உங்களுக்கே சொந்தம் என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு உங்கள் மூன்று டிசைனையும் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். “ஜெயித்தால் பில்லில் கழித்துக்கொள்வோம்” என்றால் அது மாதிரிக்கான காசே இல்லை, வெறும் அட்வான்ஸ். இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

வேலை கிடைத்தால் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை திருத்தம் என்று எண் போடுங்கள். பார்வைக்குக் குறைந்த ரெசல்யூஷன் பிடிஎஃப் போதும். வெக்டர் ஃபைல், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத அந்த ஒரிஜினல், கடைசிப் பணம் வந்த பிறகுதான்.

ஏஜென்ட்டுக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: “இலவச மாதிரி செய்வதில்லை. என் முந்தைய வேலைகளை இணைத்திருக்கிறேன். லோகோ முதலில் எங்கே வரப்போகிறது, கடைப் பலகையிலா, போன் திரையிலா? இதை கிளையன்ட்டிடம் நேரடியாக அரை மணி நேரம் பேச வேண்டும், எப்போது முடியும்?” கிளையன்ட் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தால் ஏஜென்ட் ஒரு நேரம் சொல்வார்.