பெட்ராவுக்கு மூன்று மணி நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் ஒரு பயணக் குழுவோடு ஜோர்தான் போகிறோம். 26 பேர், 6 இரவு. அம்மானில் 2, வாடி ரம் பாலைவனத்தில் 1, அகபாவில் 2, சாக்கடலில் 1. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அம்மானில் கிளம்பி பதினொன்றரைக்குப் பெட்ரா என்ற பாறை குடைந்த பழைய நகரம், அங்கே வழிகாட்டியோடு மூன்று மணி நேரம், சாப்பாடு, பிறகு வாடி ரம்மில் சூரிய அஸ்தமன ஜீப் சவாரி என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது 61. மனைவிக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். பெட்ராவுக்கு இந்த நேரம் போதுமா? டிக்கெட்டிலேயே குதிரை உண்டாமே, ஏறலாமா? மடாலயத்துக்கு எண்ணூறு படி என்கிறார்கள். ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், "எல்லாம் ஒரே பாறைதான், ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும்" என்றார். அப்படியென்றால் அங்கே எதைத்தான் பார்ப்பது? பைனாகுலர் தேவைப்படுமா?

ச.

அன்புள்ள ச.,

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதினொன்றரைக்குப் பேருந்து நின்றால், 26 பேரும் கழிப்பறை போய், டிக்கெட் வாங்கி, வழிகாட்டியின் பேச்சு கேட்கும் காதுக்கருவியை மாட்டி நகர்வதற்குள் பன்னிரண்டாகிவிடும். நுழைவு மையத்திலிருந்து சீக் என்ற பாறையிடுக்கின் வாய் வரை சுமார் 800 மீட்டர். சீக் மட்டும் 1.2 கிலோமீட்டர். வழிகாட்டி அங்கங்கே நிறுத்திப் பேசினால் இந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். கஸ்னே என்னும், பாறையில் செதுக்கிய அந்தப் புகழ்பெற்ற முகப்பின் முன்னால் நீங்கள் நிற்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். வெயில் அதன் மேல் நேராக விழுவது காலையில், பருவத்துக்கேற்ப ஏறக்குறைய 9 முதல் 11 மணிக்குள்தான். நீங்கள் பார்ப்பது நிழலில் நிற்கும் கஸ்னேயை. இருபது நிமிடம் படமெடுத்துவிட்டுத் திரும்பினால் வழி முழுக்க மேட்டு நடை. இரண்டரை மணிக்குப் பேருந்தில் ஏறும் குழு, பெட்ராவின் வாசலைத்தான் பார்த்திருக்கும். நகரம் அதற்கு அப்பால் இருக்கிறது: முகப்புகளின் தெரு, பாறையில் குடைந்த தியேட்டர், அரச கல்லறைகள், தூண் வரிசைத் தெரு, பாறையில் குடையாமல் கல்லடுக்கிக் கட்டிய கஸ்ர் அல்-பிந்த் கோயில். உங்கள் நண்பருக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்தது எப்படியென்று இப்போது புரியும்.

அஸ்தமனச் சவாரியையும் இதே போல் பாருங்கள். 2022 முதல் ஜோர்தானில் ஆண்டு முழுவதும் கோடைக்காலக் கடிகாரமே ஓடுகிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் மறைவது 5.40 வாக்கில். சாப்பிட்டு மூன்றரைக்குக் கிளம்பினால், 110 கிலோமீட்டர் கடந்து ரம் கிராமத்தைத் தொடுவதே ஐந்தரைக்குத்தான். பெட்டிகளைப் பேருந்திலிருந்து இறக்கி ஜீப்புகளுக்கு மாற்ற அரை மணி. பிறகு இருட்டில் முகாமுக்கு ஒரு பயணம், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: அகபாவில் ஓர் இரவைக் குறைத்து வாடி மூசாவில் வையுங்கள். பெட்ராவின் வாசலில் இருக்கும் ஊர் அது. மூன்றாம் நாள் அம்மானிலிருந்து வந்ததும் மாலையில் சின்னப் பெட்ராவைப் பார்த்துவிடலாம், பக்கத்திலேயே இதே போல் பாறை குடைந்த சிறிய இடம். அதற்குக் கட்டணம் கிடையாது, நடையும் குறைவு. மறுநாள் காலை ஏழு மணிக்கு சீக்குக்குள் இருங்கள். அகபாவில் நீங்கள் இழப்பது ஒரு கடற்கரை மாலை. டிசம்பர் கடலில் எத்தனை பேர் இறங்கப்போகிறார்கள்?

காசு விஷயம். ஜோர்தான் பாஸ் என்ற கூட்டுச் சீட்டு பெட்ராவுக்கு ஒரு நாள் சேர்த்து 70 தினார், இரண்டு நாள் சேர்த்து 75. அதாவது இரண்டாம் நாளுக்கு வெறும் 5 தினார். தனியாக வாங்கினால் பெட்ரா ஒரு நாளுக்கே 50. நாட்டுக்குள் வருமுன் பாஸ் வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணமும் கிடையாது. ஒரு தினார் என்பது 1.41 டாலர். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் ஏஜென்ட் எதை வாங்குகிறார், அதில் எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்ற வரி எதையும் சொல்வதில்லை.

குதிரை: டிக்கெட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அது சீக் வாய் வரைக்கும் மட்டும், அந்த 800 மீட்டருக்கு. இறங்கும்போது அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள், அதுதான் அங்கே நடைமுறை. உங்கள் மனைவிக்கு அது உதவாது. உதவக்கூடியது நுழைவு மையத்துக்கும் கஸ்னேவுக்கும் இடையே ஓடும் மின்வண்டி. பழைய குதிரை வண்டிகளுக்குப் பதிலாக விட்டது, தனிக் கட்டணம். போகும்போது நடந்துவிடுங்கள், இறக்கம்தான். வண்டியில் போனால் சீக்கே கண்ணில் படாது. திரும்பும்போது அவரை ஏற்றிவிடுங்கள். மதியத்துக்கு மேல் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள், அதனால் வரிசையில் காத்திருக்கவும் நேரம் ஒதுக்கிவையுங்கள்.

மடாலயம்: மலைமேல் பாறையில் செதுக்கிய இன்னொரு பெரிய முகப்பு. கீழிருந்து ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி. படிகள் பாறையில் வெட்டியவை, ஒன்று போல் ஒன்று இராது; பல இடங்களில் தேய்ந்து வழவழவென்று சரிந்திருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வில்லங்கம். கழுதை மேல் ஏற்றிவிடுகிறோம் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். வேண்டாம்: தேய்ந்த படியில் கழுதைக்கும் கால் வழுக்கும், ஒரு பக்கம் பள்ளம். நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அந்த முகப்பு மேற்கைப் பார்த்திருப்பதால் பிற்பகல் ஒளிதான் அதற்கு. மனைவி அந்த நேரத்தில் தூண் வரிசைத் தெருவையும், மேலே இருக்கும் பைசாந்தியத் தேவாலயத்தின் தரை மொசைக்குகளையும் நிதானமாகப் பார்க்கலாம். அந்தத் தேவாலயத்தில்தான் 1993இல் தீயில் கருகிய பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன.

இனி, எதைப் பார்ப்பது என்ற கேள்வி. முகப்புகளை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். தண்ணீரைப் பாருங்கள். ஆண்டுக்கு 150 மி.மீ. அளவே மழை பெய்யும் இடத்தில் நபத்தேயர் என்ற பண்டைய அரபு வணிக மக்கள் ஒரு தலைநகரை வைத்திருந்தார்கள், கி.பி. 106இல் ரோம் எடுத்துக்கொள்ளும் வரை. அது எப்படி முடிந்தது என்பது சீக்கின் சுவர்களிலேயே எழுதியிருக்கிறது.

சீக்குக்குள் நுழையுமுன் ஓர் அணை வரும். அதன் வலப்பக்கம் பாறையைக் குடைந்த சுரங்கம், சுமார் 90 மீட்டர் நீளம். வாடி மூசாவின் வெள்ளம் சீக்குக்குள் பாயாமல் அதை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட நபத்தேயர் வெட்டியது. பின்னாளில் பழைய அணை இல்லாமல் போயிருந்த நிலையில், 1963இல் வந்த வெள்ளம் சீக்குக்குள் இருந்த பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு கட்டியதுதான் இன்றைய அணை. உள்ளே போனதும் இரண்டு சுவரிலும் இடுப்பு உயர வாக்கில் பாருங்கள். இடப்பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால். அங்கங்கே சின்னத் தொட்டிகள் இருக்கும், வண்டல் அதில் தங்கிவிட்டுத் தெளிந்த நீர் மேற்கொண்டு ஓடும். வலப்பக்கம் சுடுமண் குழாய்; ஒன்றின் வாயில் ஒன்றைச் செருகி, சுண்ணச் சாந்து பூசி, பாறைக் காடிக்குள் பதித்தது. சில இடங்களில் துண்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. குழாய் மூடியது என்பதால் தூசியும் விழாது, ஆவியாகியும் போகாது.

சீக்கின் பிற்பாதியில் இடச் சுவரில் ஒட்டக வணிகர் கூட்டத்தின் புடைப்புச் சிற்பம் உண்டு. பல குழுக்கள் அதைக் கடந்து போய்விடும், ஏனென்றால் மேல் பாதி கரைந்துவிட்டது. கீழே பாருங்கள்: மனிதனின் பாதங்கள், அங்கியின் விளிம்பு, ஒட்டகத்தின் கால்கள். கீழ்ப்பாதி வெகுகாலம் வண்டலுக்குள் புதைந்திருந்ததால் தப்பியது. அந்தக் கூட்டம் சுமந்தது சாம்பிராணியும் வாசனைப் பொருளும். முசிறியைப் பற்றி எழுதிய அதே பழைய கிரேக்கக் கடல்வழி நூல் 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்', செங்கடலின் லெவுகே கோமே துறையிலிருந்து நபத்தேய அரசன் மாலிக்கஸின் பெட்ராவுக்குப் பாதை போவதையும் சொல்கிறது. சரக்கு கப்பலில் நேராக எகிப்துக்குப் போகப் போக, ஒட்டகப் பாதையின் பங்கு குறைந்தது.

கஸ்னேயின் முன் தரையில் இரும்புக் கம்பி வலை போட்ட குழி ஒன்று இருக்கும். எட்டிப் பாருங்கள், நாம் நிற்பது வெள்ள வண்டல் மேடிட்ட தரை, அசல் மட்டம் பல மீட்டர் கீழே. 2003இல் அங்கே கல்லறைகளைக் கண்டார்கள். 2024இல் மற்றொன்றைத் திறந்து 12 பேரின் எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். முகப்பின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை பள்ளங்கள் வரிசையாகத் தெரியும், செதுக்கியவர்களின் வேலைக்காக வெட்டியவை என்பார்கள். இந்த முகப்புகளை மேலிருந்து கீழாகத்தான் செதுக்கினார்கள். அப்போதுதான் உடைந்து விழும் கல் முடித்த வேலையைக் கெடுக்காது.

மழை ஒரு சிக்கல். வாடி என்றாலே காட்டாற்றுப் படுகை. நவம்பர் 2018 வெள்ளத்தில் பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்றினார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, தொலைவில் பெய்த மழை வந்து சேரும். காவலர் வெளியேறச் சொன்னால் இன்னொரு படம் எடுக்க நிற்காதீர்கள். டிசம்பரில் போகிறவர்களுக்கு வாடி மூசாவில் ஓர் இரவு கூடுதலாக இருந்தால், ஒரு நாள் அடைபட்டாலும் இன்னொரு நாள் மிஞ்சும்.

வாடி ரம்மில் முகாம் எங்கே என்று கேளுங்கள்: காப்புப் பகுதிக்கு உள்ளேயா, வெளியே திசி என்ற ஊர்ப் பக்கமா, ரம் கிராமத்திலிருந்து எத்தனை நிமிடம். கண்ணாடிக் குமிழ்க் கூடாரம் படத்தில் அழகு. டிசம்பர் இரவு பூஜ்ஜியம் நோக்கி இறங்கும்போது ஹீட்டர் இரவு முழுதும் ஓடுமா, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பதுதான் கேள்வி. வெந்நீரும் அளவாகத்தான் வரும். இத்தனைக்கும் அந்தப் பாறைகளுக்கு அடியில்தான் திசி நிலத்தடி நீர் இருக்கிறது. 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாயில் அம்மானுக்கு ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் போகிறது. மழை ஈடுகட்டாத பழங்கால நீர் அது.

ஜீப் என்பது பின்னால் பெஞ்சு போட்ட பிக்கப். காற்று முகத்தில் அறையும், காது மூடும் குல்லாய் வேண்டும். காலையில் நான்கு மணி நேரச் சுற்று கேளுங்கள், இரண்டு மணிச் சுற்றில் மணல்மேட்டுக்கே பாதி போய்விடும். கஸாலி என்ற பாறையிடுக்கில் தமூதியம் என்னும் பண்டைய அரேபிய எழுத்துகளும், மனித உருவங்களும், பாதச் சுவடுகளும் கீறியிருக்கும். கை வைக்கக் கூடாது. ஜபல் ரம் மலையின் அடிவாரத்தில் ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள்: கீழே கருத்த கிரானைட், மேலே சிவந்த மணற்கல். மணற்கல்லில் ஊறி இறங்கும் நீர் கிரானைட்டைத் தாண்ட முடியாமல் அந்தக் கோட்டில் ஊற்றாகக் கசியும். பச்சைச் செடி தெரியும் இடமெல்லாம் அதுதான். அல்லாத் என்ற தேவிக்கு நபத்தேயர் கோயில் கட்டியதும், இன்றைய கிராமம் இருப்பதும் அந்த அடிவாரத்தில்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை: ஹம்மூஸ், கத்தரிக்காய் முத்தபல், ஃபலாஃபெல், பருப்புச் சூப். எச்சரிக்கை ஸர்ப் என்ற மணல் அடுப்புக்கு மட்டும். இரும்பு அடுக்குகளில் இறைச்சியையும் காய்கறியையும் வைத்து, தணலுள்ள குழிக்குள் இறக்கி, மூடி மண் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடுவார்கள். காய்கறி கீழடுக்கில் இருந்தால் மேலிருந்து கொழுப்பு சொட்டும். சோறும் இறைச்சி வேகவைத்த நீரில் வெந்ததாக இருக்கலாம். காய்களைத் தனியாக ஒரு தட்டில் வேகவைக்க முடியுமா என்று குழு முகாமுக்கு வருமுன்பே சொல்லிவைக்க வேண்டும். குழி மூடிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பழகிய ஷூ, மனைவிக்கு ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல், ஒரு தினார் நோட்டுகள் பத்துப் பதினைந்து, தலையில் மாட்டும் டார்ச்.

பைனாகுலர் கட்டாயம். 8×25 போதும், கனமானது வேண்டாம். கஸ்னே சுமார் 40 மீட்டர் உயரம்; உச்சியில் இருக்கும் கல் கலசத்துக்குள் எகிப்து மன்னன் பாரோவின் புதையல் இருப்பதாக நம்பி, பதூயின்கள் என்ற பாலைவன நாடோடிகள் அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலசம் முழுக்கக் கெட்டிப் பாறை. குண்டு பட்ட தழும்புகள் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.