முட்டை ஆகாத பையனுக்கு நாய்க்கடி ஊசி ஆகுமா?

பர்மாவின் தட்டோன் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். 9 வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முதல் ஊசி போட்ட மறுநாள் கை வீங்கி, லேசாகக் காய்ச்சல். பையனுக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். நாய்க்கடி ஊசியே கோழிமுட்டையில் செய்வது, அலர்ஜி உள்ளவர்கள் போட்டால் உயிர் போய்விடும் என்று பேஸ்புக்கில் யாரோ சொல்ல, இரண்டாவது ஊசியை நிறுத்தி வைத்துவிட்டார்.

அம்மா, இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க முடியாது என்பதால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். "இன்றைக்கே கூட்டிப்போய்ப் போடுங்கள்" என்றேன், நீங்களும் போட்டுவிட்டீர்கள். இங்கே எழுதுவது, உங்களைப் போலவே யோசித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அதனால் கடிபட்ட பிறகு போடும் ஊசிக்கு எந்த அலர்ஜியும் தடை கிடையாது. முட்டை மட்டுமல்ல, எதுவுமே. முதல் ஊசிக்கே கடுமையான அலர்ஜி வந்தவருக்குக்கூட நிறுத்துவதில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு, வேறு வகை ஊசியைப் போடுகிறோம்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். இப்போதுள்ள ஊசிகளில் ஒரு வகை கோழிக்கரு செல்களில் வளர்ப்பது. முட்டைக்குள் வளர்ப்பது வேறு, இது வேறு. முட்டைப் புரதம் மிஞ்சினாலும் துளிக்கும் துளிதான். இன்னொரு வகை குரங்கின் சிறுநீரக செல்களில் வளர்ப்பது, அதில் கோழியே இல்லை. அது கிடைத்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் இருப்பதைப் போடுங்கள், தேடி அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். முட்டை அலர்ஜி உள்ளவர்கள் உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்லவேண்டிய ஊசி மஞ்சள் காய்ச்சலுக்குப் போடுவது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படும்.

உங்கள் மாமியார் பயப்படுவதை மட்டும் நான் குறைசொல்லமாட்டேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அவர் சொல்வது நிஜம். ஆட்டு மூளையில் செய்த அந்தப் பழைய மருந்து சிலருக்கு நரம்பையே பாதித்தது. அது போய்விட்டது, பயம் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது.

ஊசி போட்ட கை வீங்குவதும் காய்ச்சலும் அலர்ஜி இல்லை. கத்தரிக்காய் அரிப்பு, தூசித் தும்மல், கொசு கடித்த தடிப்பு, அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாதது என்று நீங்கள் எழுதிய எதற்கும் இந்த ஊசியோடு சம்பந்தம் இல்லை.

நர்ஸிடம் சொல்லவேண்டிய விஷயம் இரண்டு உண்டு, அவற்றை உங்கள் கடிதத்தில் காணோம். ஜெல்லி மிட்டாய் தின்று உடம்பு தடித்ததுண்டா? அந்த மிட்டாயில் உள்ள ஜெலட்டினைச் சில ஊசிகளிலும் சேர்க்கிறார்கள், அதனால் கேட்கிறேன். அடுத்து, பையனுக்கு எப்போதாவது பாம்புக்கடி மருந்து ஏற்றியிருக்கிறார்களா? நம் வயல்காட்டு ஊர்களில் கண்ணாடி விரியன் கடிக்கு அதை ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. ரத்தம் வந்த நாய்க்கடிக் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் (தடுப்பூசி வேலை செய்யும்வரை கிருமியைத் தடுக்கும் மருந்து) பெரும்பாலும் குதிரையிலிருந்து வருவதுதான். முன்பே ஏற்றியவர்களுக்கு அலர்ஜி வர வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதற்காகச் சீரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சொல்லி வைத்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள். அதைப் போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் வந்தால் திரும்ப வந்து காட்டுங்கள்.

இனி, உண்மையில் பயப்படவேண்டியது. ஊசிக்குக் கடும் அலர்ஜி வருவது பத்து லட்சம் டோஸில் ஒன்று என்ற அளவில்தான். வந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, அதோடு குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் இழுப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி விழுவது இவற்றில் ஒன்று சேர்ந்தால் உடனே சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். சிலருக்குத் தடிப்பே வராமல் மூச்சு முட்டும், அதுவும் அவசரம்தான். அதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 25 கிலோ பையனுக்குக் கால் மில்லி போதும். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. பையனைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஆகவே ஊசி போட்டதும் வெளியே ஓடாமல் 30 நிமிடம் அங்கேயே இருங்கள். ஊசியைப் பார்த்த பயத்தில் முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகி மயங்குவது வேறு. படுக்கவைத்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

கடையில் கலந்து கட்டிக்கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை "அலர்ஜி வராமல் இருக்க" முன்கூட்டியே கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து கொடுத்தால் ஊசி வேலை செய்வதையே அது கெடுக்கும். அரிப்பு மாத்திரையும் கடும் அலர்ஜியைத் தடுக்காது, ஆரம்ப அறிகுறியைத்தான் மறைக்கும். மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். காயத்தில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பினீர்களாமே! சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம், அவ்வளவுதான் செய்யவேண்டியது.

இரண்டாவது ஊசி சில நாள் தள்ளிப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மீதியைத் தொடருங்கள். கடித்த நாய் 10 நாளைக்குப் பிறகும் நலமாக இருந்தால் நிறுத்தலாம். அந்த நாயை அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்கிறீர்கள், எனவே எல்லா ஊசியையும் போட்டே ஆகவேண்டும்.

பத்தியம் எதுவும் இல்லை. மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கேட்டு அழுகிறானாம், கொடுங்கள். மேலே போடும் முட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள்.