ஓடுகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: இணையவழி ஏலம் ஒன்றில் 1967ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் சப்மரைனர் என்ற டைவிங் கைக்கடிகாரம் வருகிறது. 5513 மாடல், ஸ்டீல். 'அசல் டயல், நன்றாக ஓடுகிறது, அண்மையில் சர்வீஸ் செய்யப்பட்டது' என்று கேட்லாக்கில் போட்டிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை, படங்கள் மட்டும்தான். நம்பி ஏலம் கேட்கலாமா? வாங்கினால் நீச்சலுக்குக் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: நீச்சலுக்கு வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஏலம் கேட்பதா வேண்டாமா என்பது இன்னும் சில படங்கள் கைக்கு வந்த பிறகு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

'நன்றாக ஓடுகிறது' என்ற வரிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கமாட்டேன். 5513 மாடல் 1962 முதல் 1980களின் இறுதிவரை தயாரானது. அதன் எந்திரத்தை அறிந்த கைதேர்ந்த பழுதுபார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நின்றுபோனதை ஓடவைத்துவிடலாம். மாற்றிவிட்ட டயலையும், எந்திரத்தைச் சுற்றியுள்ள ஸ்டீல் கூட்டைத் தேய்த்துவிட்டால் அதையும் யாராலும் பழையபடி ஆக்க முடியாது. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி அந்த டயலுக்கும் முட்களுக்கும் கூட்டுக்கும்தான்.

டயலிலிருந்து தொடங்குங்கள். 1967 கொஞ்சம் வில்லங்கமான ஆண்டு. பொன்னிற எழுத்துகள் கொண்ட பளபளப்பான கறுப்பு டயல் விடைபெற்று, வெள்ளை எழுத்துகள் கொண்ட மங்கலான கறுப்பு டயல் வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டில் எது இருந்தாலும் 'சரிதான்' என்று விற்பவர் சொல்லிவிடலாம். ஆனால் பொன்னெழுத்து டயலுக்கு விலை பல மடங்கு அதிகம் என்பதால் போலிகளும் அங்கேதான் குவிகின்றன. ஆறு மணிக் குறிக்குக் கீழே, டயலின் விளிம்பை ஒட்டி உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து டயலில் 'ஸ்விஸ்' என்ற சொல்லோடு 'டி' என்ற எழுத்தும் 25 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இருளில் ஒளிர்வதற்காகப் பூசிய டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளின் அளவு 25 மில்லிகியூரிக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அடங்கும் என்பது அதன் பொருள். அந்த இடத்தில் வெறும் 'ஸ்விஸ் மேட்' என்று இருந்தால், பிற்காலத்தில் சர்வீஸின்போது புது டயல் போட்டிருக்கிறார்கள். அதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்லாக்கில் 'அசல்' என்று எழுதியது பொய்யாகிவிடும்.

ஒளிர்வும் ஒரு சாட்சி. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். ஐம்பது ஆண்டுகள் கழிந்தால் ஏறத்தாழ 6 சதவீதம்தான் மிஞ்சும்; அதோடு கலந்த ஒளிரும் பொருளும் களைத்துப்போயிருக்கும். டார்ச் வெளிச்சம் காட்டி, விளக்கை அணைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அணைத்த வேகத்தில் மங்கிவிட்டால் நல்ல அறிகுறி. நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு 1967இல் பூசியது கிடையாது. முட்களின் பூச்சும் டயலின் புள்ளிகளும் ஒரே குடும்பத்து நிறமாகப் பழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு வித்தியாசம் இயல்புதான். டயல் பழுப்பாகவும் முள் பால் வெள்ளையாகவும் இருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

அடுத்தது கூடு. பட்டை பூட்டும் நான்கு காதுகளையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள் வேண்டும். பாலிஷ் போடப் போட ஸ்டீல் தேய்ந்து, காதுகள் ஒல்லியாகி, விளிம்புகள் சோப்புக்கட்டிபோல் மழுங்கிவிடும். பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். கீறலும் கூரிய விளிம்பும் உள்ள கூடுதான் எனக்கு உசத்தி. பட்டையைக் கழற்றி, காதுகளுக்கு நடுவே இருக்கும் எண்களையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண், ஆறு மணிப் பக்கம் வரிசை எண். கூர்மையாக வெட்டிய எழுத்தாக இருக்க வேண்டும். மணல் அரித்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால் விலகிவிடுங்கள். பின்மூடியைத் திறந்து எந்திரத்தின் படமும் கேளுங்கள். இவ்வளவு விலையுள்ள பொருளுக்கு இந்தப் படங்களைத் தர மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

பெரிய ஏலம், பெரிய பெயர் என்றால் இதெல்லாம் தேவையா என்று நினைக்கலாம். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலம் ஒன்றில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது அது என்று 2023இல் ஒமேகா நிறுவனமே சொன்னது. அவ்வளவு கண்கள் பார்த்த பொருளுக்கே அந்த நிலை.

பணக் கணக்கை மேலிருந்து கீழே போடுங்கள். ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. பெரிய நிறுவனங்களில் அது 20 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பிறகு வரி, காப்பீடு, அனுப்பும் செலவு, எல்லை தாண்டினால் சுங்கம். மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்து, இவற்றைக் கழித்துவிட்டு மீதியை உங்கள் உச்சத் தொகையாக வையுங்கள். 'உள்ளது உள்ளபடி' விற்பனை என்று நிபந்தனைகளில் இருந்தால் பின்னால் முறையிட அதிக இடம் இருக்காது.

இனி நீர். டயலில் 200 மீட்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். அது புதிதாக இருந்தபோது கொடுத்த வாக்கு. ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கலாம், சாவித் திருகின் மரைகள் தேய்ந்திருக்கலாம், அக்ரிலிக் கண்ணாடி தளர்ந்திருக்கலாம். அழுத்தச் சோதனையில் தேறினாலும் அது அன்றைய நிலைக்கு மட்டுமே சான்று. ஒரு சொட்டு உள்ளே போனால் டயலில் கறை படியும். விலையில் பாதி அதோடு போய்விடலாம். கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குப் பயப்பட வேண்டாம். நீச்சலுக்குப் புதிதாக ஒரு மலிவான டைவிங் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

'அண்மையில் சர்வீஸ்' என்ற வரிக்கு மறுபடி வருகிறேன். என்னை அதிகம் உறுத்துவது அதுதான். யார் செய்தார்கள், எந்தெந்தப் பாகங்கள் மாறின, கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவன சர்வீஸில் பழைய டயலையும் முட்களையும் மாற்றிப் புதியவை போடுவது வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் சேகரிப்பவருக்கு அது நஷ்டம். பழைய டயலும் கூடவே வருகிறதென்றால் உச்சத் தொகையைக் கொஞ்சம் ஏற்றலாம். கடிகாரம் உங்கள் கைக்கு வந்த பிறகு நீங்கள் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பாலிஷ் கூடாது, டயலையும் முட்களையும் தொடக்கூடாது, கழற்றும் ஒவ்வொரு பாகமும் பையில் போட்டுத் திரும்ப வர வேண்டும்.